கிரேஹாக்: பழைய பெட்டியா, பிடிஎஃப்பா, புதுப் புத்தகமா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் அடுத்த கேம்ப்பெயின் (பல வாரம் தொடரும் ஆட்டம்) கிரேஹாக் என்ற கற்பனை உலகத்தில்தான் என்று முடிவாகிவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் ஆடுகிற மேசை மூன்றுபட்டு நிற்கிறது. ஒருவர் 1983-ல் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்ட அசல் பெட்டிதான் வேண்டும் என்கிறார். பிடிஎஃப் கிடைக்கும்போது பெட்டிக்கு எதற்குக் காசு என்பது இன்னொருவர் கேள்வி. மூன்றாமவரிடம், ஆட்டத்தை நடத்துபவருக்கான விதிநூலான 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு இருக்கிறது. அதிலேயே கிரேஹாக் ஓர் அத்தியாயமாக வந்துவிட்டது, வேறெதுவும் தேவையில்லை என்கிறார். மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் மதுரையில் உட்கார்ந்து ஆடுகிற ஐந்து பேர் குழுவுக்கு, இவை ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்தில் காசையும் நேரத்தையும் விழுங்கும்.

இந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் எழுதிய கிரேஹாக் முதலில் 1980-ல் 32 பக்க ஃபோலியோவாக (அட்டை உறைக்குள் வைத்த மெல்லிய நூல்) வந்தது. கூடவே டார்லீன் வரைந்த வண்ண வரைபடம், இரண்டு துண்டாக. 1983 பெட்டியில் அதே வரைபடத்தோடு 80 பக்க ‘கைடு’, 48 பக்க ‘கிளாசோகிராஃபி’ என்று இரண்டு நூல்கள். ஃபோலியோவில் இல்லாத தெய்வங்கள் பெட்டியில் இருப்பதால், ஃபோலியோவைத் தனியாக வாங்குவதை இங்கே கணக்கிலேயே எடுக்கவில்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் வரைபடம். மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால்தான். கிரேஹாக் நூல்களில் ஒரு நாட்டுக்குக் கிடைப்பது ஆட்சியாளர் யார், தலைநகர் எது, மக்கள்தொகை எவ்வளவு, என்ன விளைகிறது என்ற விவரமும் சில பத்திகளும் மட்டுமே. கதை பிறப்பது வரைபடத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்தைப் பார்க்கும்போது. அந்த வரைபடத்தில் ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். மதுரையிலிருந்து சிவகங்கை ஏறக்குறைய அவ்வளவு தூரம். நடுவில் எத்தனை ஊர், எத்தனை கண்மாய், எத்தனை அய்யனார் கோயில் என்று எண்ணிப் பாருங்கள். அத்தனையும் ஒரே ஒரு ஹெக்ஸுக்குள் அடக்கம், வரைபடத்தில் அங்கே வெறும் பச்சை நிறம் மட்டும் இருக்கும். ராமேசுவரம் போவதென்றால் மூன்றரை ஹெக்ஸ். சின்ன எழுத்து ஊர்ப்பெயர்கள் தெளிவாகத் தெரியாத வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்த உலகத்தை ஓட்டவே முடியாது.

இரண்டாவது, ஆட்டத்தின் நடுவே தேடும் வேகம். குழு திடீரென்று வடக்கே திரும்புகிறது. டிஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) அந்தப் பிரதேசத்தில் வழியில் எதிர்ப்படுபவற்றைச் சொல்லும் என்கவுன்டர் அட்டவணையை அரை நிமிடத்தில் எடுத்தாக வேண்டும்.

மூன்றாவது விதிகள். இதைப் பலரும் தேவைக்கு மேல் பெரிதாக்குகிறார்கள். பழைய பெட்டியின் கைடு நூலில் பெரும்பகுதிக்கு விதியே கிடையாது. ராஜா எத்தனையாவது லெவல் ஃபைட்டர் என்பது போன்ற குறிப்புகள்தான். பழைய பாணி விதிநூலான ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸ் ஆடும் மேசையில் பழைய ஏசி (கவசத்தின் வலிமை) எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண் கூடக்கூடக் கவசம் வலுவாகும் ஏறுமுக ஏசி பழக்கம் என்றால் 19-லிருந்து கழியுங்கள்: செயின் மெயில் ஏசி 5 என்றால் 14. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் எதையும் மாற்றிக் கணக்குப்போட வேண்டாம். அட்டவணையில் மிருகத்தின் பெயரை மட்டும் பார்த்து, எண்களைத் தங்கள் மான்ஸ்டர் மேனுவலிலிருந்து எடுத்தால் போதும்.

கடைசியாகச் செலவு. விலைச்சீட்டில் தெரிகிற தொகையோடு முடிவதில்லை என்பதால் அதை ஒவ்வொரு வடிவத்துக்குள்ளும் சொல்கிறோம்.

## 1983 அசல் பெட்டி

வரைபடத்தின் அழகு இதில் இருப்பது போல வேறெதிலும் இல்லை. இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் 44 அங்குல அகலம், 34 அங்குல உயரம். ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசை நிறைந்துவிடும். கேடயச் சின்னங்களும் வண்ணமும் ஸ்கேனில் பாதிதான் வரும்.

வாங்கும் முன் விற்பவரிடம் போட்டோ கேட்பது வழக்கம். பெட்டியின் மேல்மூடி போட்டோவை வைத்து ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியவை இவை: கிழக்கு, மேற்கு என இரண்டு வரைபடத் துண்டுகளும் விரித்த நிலையில், மடிப்புக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகள் கிட்டத்தில், இரண்டு நூல்களின் நடுப்பக்கம். பழைய வரைபடம் முதலில் தேய்வது அந்த வெட்டுப்புள்ளியில்தான். அங்கே சின்ன ஓட்டை விழுந்தால், சரியாக அந்த இடத்தில் இருக்கும் ஊர்ப்பெயர் போயிருக்கும். நடுப்பக்கம் ஸ்டேப்பிள் பின்னுக்காக. துரு ஏறியிருந்தால் அதைச் சுற்றித் தாள் பழுப்பாகி, நாலு தடவை புரட்டியதும் நடுத்தாள் கழன்று வரும். ஒரே துண்டு வரைபடத்தை இரண்டு கோணத்தில் எடுத்து அனுப்பினால் சட்டென்று தெரியாது, அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே போட்டோவாகக் கேளுங்கள்.

மறைந்த செலவு வாங்கிய பிறகுதான் ஆரம்பம். நாற்பது வருடத் தாளுக்கு ராமபாணப் பூச்சி எமன். பீரோவின் அடித்தட்டில் துணிக்கு நடுவே வைத்தால் ஒரு மழைக்காலம் போதும், அட்டையின் பசையை வழித்துத் தின்றுவிடும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், வருடத்துக்கு இரண்டு முறை வெளியே எடுத்துப் புரட்டுவது என்று பராமரிக்க வேண்டும். பாதுகாப்பு என்று நினைத்து அசல் வரைபடத்தை லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூட்டில் மடிப்புச் சுருக்கம் அப்படியே ஒட்டிக்கொள்ளும், திரும்பப் பிரிக்க முடியாது, மறுவிற்பனை மதிப்பும் அதோடு சரி.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இன்னொரு சிக்கல். அச்சிட்ட புத்தகத்துக்கு 2019 முதல் 5 சதவீதச் சுங்க வரி, ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் பெட்டியாக வரும் பொருளைச் சுங்கத்தில் புத்தகமாகப் பார்க்காமல் விளையாட்டுச் சாமானாகப் பார்த்தால் வரி பல மடங்கு. அனுப்புபவரிடம் உறையில் ‘கேம்’ என்று மட்டும் எழுதிவிடாமல், உள்ளே இருப்பது அச்சிட்ட நூல்களும் வரைபடமும் என்று விவரம் எழுதச் சொல்வது நல்லது.

இவ்வளவும் சேகரிப்பு ஆர்வம் உள்ளவருக்குப் பாரமாகத் தெரியாது. ஆட மட்டுமே என்றால், எண்ணெய்க் கை படும் மேசைக்கு இந்தப் பெட்டியைக் கொண்டுவர மனசு வராது. பிடிஎஃப்பை அச்சடித்துத்தான் ஆடுவீர்கள். அப்போது ஒரே உலகத்துக்கு இரண்டு முறை காசு.

## பிடிஎஃப், உள்ளூரில் அச்சு

பெரும்பாலான மேசைகளுக்கு இதையே சொல்வோம். 1983 பெட்டியின் ஸ்கேன் டிஎம்ஸ் கில்டு தளத்தில் முறைப்படி கிடைக்கிறது. வாங்கும் பிரதியில் உங்கள் பெயர் பதிந்திருக்கும். சொந்த மேசைக்கு ஒரு பிரதி அச்சடிக்கத்தான் அது. சில கடைகளில் காப்புரிமைப் பக்கத்தைக் காட்டிக் கேட்பார்கள், ஆர்டர் மெயிலைப் போனில் வைத்திருங்கள். பணம் கட்டும்போது கார்டு மறுக்கப்பட்டால் பதற வேண்டாம்: இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் முடக்கியே வைக்கப்பட்டிருக்கும், வங்கி ஆப்பில் போய் இயக்க வேண்டும். டாலர் மாற்றுக்கான கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

நூல்கள் இரண்டும் சேர்ந்து 128 பக்கம். இருபுறமும் அடித்தால் 64 தாள். ஒன்றாகச் சேர்த்துக் கட்டாதீர்கள். கைடு ஒரு ஸ்பைரல், கிளாசோகிராஃபி தனி ஸ்பைரல். ஆட்டத்தின் நடுவே டிஎம் கை ஓயாமல் போவது கிளாசோகிராஃபிக்குத்தான். என்கவுன்டர் அட்டவணை, வானிலை எல்லாம் அதில். மூல நூல் அமெரிக்க லெட்டர் அளவு என்பதால் ஏ4-இல் ‘ஃபிட்’ கொடுத்தால் கொஞ்சம் சுருங்கும், பாதகமில்லை. பழுப்பேறிய தாளை ஸ்கேன் செய்த பக்கம் கருப்பு வெள்ளையில் சாம்பல் மூட்டமாக விழும். முதலில் அட்டவணை உள்ள ஒரே ஒரு பக்கத்தை அடித்துப் பாருங்கள். எண்களில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் கான்ட்ராஸ்டைக் கூட்டச் சொல்லி மறுபடி அடியுங்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் கலர் ஜெராக்ஸ் கடைகளில் இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், கல்லூரி புராஜெக்ட் நேரமாக மட்டும் இல்லாமல் பார்த்துப் போங்கள்.

வரைபடம்தான் வேலை வாங்கும். ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனால் ஏ3-இல் துண்டு துண்டாகத் தருவார்கள். போக வேண்டியது வீட்டுப் பிளான் பிரிண்ட் போடும் கடைக்கு. அங்கே இருக்கும் பிளாட்டரில் 36 அங்குல ரோல் என்றால் 34 அங்குல உயரம் முழு அளவில் அடங்கும். ரோலில் நாலடிக்குள் வேலை முடியும். ‘ஆக்சுவல் சைஸ்’ என்று சொல்லுங்கள். ஏ0 தாள் மட்டும் இருக்கிறது என்றால் அதன் அகலம் 33.1 அங்குலம், ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடிக்கும். 97 சதவீதத்துக்குச் சுருக்கினால் போதும். தூரத்தை ஹெக்ஸ் எண்ணித்தான் பார்க்கிறோம், அளவுகோல் வைத்து இல்லை என்பதால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

கடைக்குப் போகும் முன் கணினியில் வரைபடத்தை 100 சதவீதத்தில் திறந்து, மிகச் சிறிய எழுத்தில் உள்ள ஆற்றின் பெயரைப் படித்துப் பாருங்கள். திரையில் படிக்க முடியாதது தாளிலும் படிக்க முடியாது. இரண்டு துண்டையும் கணினியிலேயே ஒட்ட முயல வேண்டாம். ஸ்கேன் லேசாகச் சாய்ந்திருந்தாலும் மேலே பொருந்தும் ஹெக்ஸ் கீழே போகப்போக ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகும். தனித்தனியாக அடித்து, ஒன்றின் ஓரத்தை வெட்டி, மற்றதன் மேல் வைத்து, பின்பக்கம் டேப் ஒட்டுங்கள்.

மதுரையில் தடுக்கி விழுந்தால் ஃபிளெக்ஸ் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, தலைவர் பிறந்தநாள் என்று ஓயாமல் ஓடும் மெஷின்கள், சதுர அடிக் கணக்கு, கிழியாது, நனையாது. மூன்றுக்கு நாலடி என்று வைத்து 12 சதுர அடிக்குப் போட்டுத் தருவார்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஃபிளெக்ஸ் பத்தடி தள்ளி நின்று பார்ப்பதற்கானது. அதன் புள்ளிகள் பெரிது. ‘நைராண்ட்’ என்று நாட்டின் பெயர் கொட்டை எழுத்தில் இருப்பது தெரியும், அதன் பக்கத்தில் கடுகளவில் இருக்கும் ஊர் கறையாகத்தான் தெரியும். டியூப்லைட் வெளிச்சம் பட்டு மினுங்கவும் செய்யும். சுவரில் மாட்ட நல்லது, மேசைக்கு வேண்டாம்.

பிளாட்டர் தாளுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மின்விசிறி: 80 ஜிஎஸ்எம் தாள் சுருண்டு எழும், நாலு மூலையிலும் பாரம் வைக்க வேண்டும். மற்றது ஈரம். பிளாட்டர் மை பெரும்பாலும் நீரில் கரையும். வியர்த்துக் கொட்டும் ஜிகர்தண்டா கிளாஸை ஃபியூரியாண்டி நாட்டின் மேல் ஒரு தடவை வைத்து எடுத்தால், வட்டமாக ஒரு புது ஏரி உருவாகியிருக்கும். குடிக்கிற சாமான்களுக்குத் தனி ஸ்டூல் போடுங்கள். அல்லது சாப்பாட்டு மேசைக்கு விரிக்கும் கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட்டை மீட்டர் கணக்கில் வாங்கி மேலே விரியுங்கள். ஒயிட்போர்டு மார்க்கரால் குழு போன பாதையை அதில் வரையலாம், ஆட்டம் முடிந்ததும் துடைக்கலாம். ஒரு எச்சரிக்கை: வரைபடத்தை லேசர் பிரிண்டில் எடுத்திருந்தால் இந்த ஷீட்டை வாரக்கணக்கில் மேலேயே விட்டு வைக்காதீர்கள். பிவிசி டோனரை உறிஞ்சும். உரிக்கும்போது எழுத்துகள் ஷீட்டோடு வந்துவிடும்.

இந்த வடிவத்தில் மறைந்த செலவு காசைவிட அலைச்சல்தான். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## பிரிண்ட் ஆன் டிமாண்ட்

பழைய டிஎஸ்ஆர் நூல்கள் பலவற்றை ஆர்டர் வந்தபின் அச்சடித்து அனுப்புகிறார்கள். எல்லா நூலுக்கும் இந்த வசதி இல்லை, தளத்தில் சாஃப்ட்கவர் தேர்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருவது அதே ஸ்கேனின் அச்சுதான், தெளிவு கூடிவிடாது. பெட்டியாக வெளிவந்தவற்றில் பெரிய வரைபடம் புத்தகத்தின் பக்க அளவுக்குத் துண்டாக்கப்பட்டு, ஹெக்ஸ் வரிசை தையலுக்குள் போய்விடுவது வழக்கம். நாம் முதல் அளவுகோலாக வைத்ததே இங்கே தோற்கிறது. பசை பைண்டிங் என்பதால் மேசையில் விரித்தபடி நிற்காது. அழுத்தி விரித்தால் முதுகு வெடிக்கும். கப்பல் கூலி நூலின் விலையைத் தொட்டுவிடும்.

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிற உறவினர் பெட்டியில் இடம் இருந்தால், அலமாரிப் பிரதியாக வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

## 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு

ஐந்தாம் பதிப்பின் புதிய விதிகளில் ஆடுகிறீர்கள், டிஎம் இதற்கு முன் கேம்ப்பெயின் நடத்தியதில்லை என்றால் இதைத் தாண்டி யோசிக்க வேண்டாம். பட்டியல் விலை 49.99 டாலர், விதிநூலாக எப்படியும் வாங்கப்போவதுதான், கிரேஹாக் கொசுறு. ஒரு பக்கம் கிரேஹாக் கதைகள் நடக்கும் ஃபிளானெஸ் நிலப்பரப்பும் மறுபக்கம் கிரேஹாக் நகரமும் அச்சிட்ட போஸ்டர் வரைபடம் உண்டு. புதிய டிஎம்முக்குப் பழைய பெட்டி தராத ஒன்றை இது தருகிறது: எங்கே ஆரம்பிப்பது என்பதை. யூஸ் என்ற தீய அரைத்தெய்வம், எலிமென்டல் ஈவில் என்ற தீய வழிபாட்டுக் கூட்டம், வண்ண டிராகன்கள் என்று மூன்று மோதல்களை எடுத்துக் கையில் கொடுத்துவிடுகிறது. பழைய கைடு, நாடுகளின் பெயரை அகர வரிசையில் அடுக்கிவிட்டு நம்மைப் பார்க்கும்.

குறை, அத்தியாயத்தின் நீளம். ஆறு மாதம் ஓடும் கேம்ப்பெயினுக்குத் தாங்கும். அதற்கு மேல் குழு எல்லை தாண்டிப் போகத் தொடங்கினால் நாட்டுக்குச் சில வரிதான் மிஞ்சும். பிரதேச வாரி என்கவுன்டர், நாள் வாரி வானிலை எல்லாம் கிளாசோகிராஃபி அளவு விரிவில் இதில் கிடையாது. அப்போது பிடிஎஃப்பை வாங்கிக்கொள்ளலாம்; கிரேஹாக் உலகின் நாட்காட்டியில் பொது ஆண்டு 576-ல்தான் இரண்டும் நிற்பதால் தகவல் முட்டிக்கொள்ளாது.

இடையில் வந்த மறுபதிப்புகள்தான் முட்டும். 1992-ல் வந்த ‘ஃப்ரம் த ஆஷஸ்’ அந்த உலகத்தின் பெரும்போருக்குப் பின், 585-ல் நிற்கிறது. 2000-த்தில் வந்த கெசட்டியர் 591-ல். எல்லைகளும் அரசர்களும் மாறியிருப்பார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இவற்றில் ஒன்றை வாங்கி 1983 வரைபடத்தோடு கலந்தால், டிஎம் படித்தது ஒன்றும் ஆட்டக்காரர் இணையத்தில் பார்த்தது ஒன்றுமாக ஒவ்வொரு வாரமும் பஞ்சாயத்துதான். ஆண்டு எது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## எந்த வடிவம் என்றாலும் மிச்சமிருக்கும் வேலை

30 மைல் ஹெக்ஸ் நடைக்கணக்கோடு ஒத்துப்போகாது. ஓல்டு ஸ்கூல் எசென்ஷியல்ஸில் பாரமில்லாமல் நடப்பவர் ஒரு நாளில் 24 மைல். சமவெளியில் ஒரு ஹெக்ஸ் கடக்க ஒன்றேகால் நாள்; காட்டில் வேகம் மூன்றில் ஒன்று குறைந்து 16 மைல், அதாவது ஏறக்குறைய இரண்டு நாள்; மலையில் பாதியாகி 12 மைல், இரண்டரை நாள். இந்தக் கால், அரைக் கணக்கில் இரவுத் தங்கல் எங்கே என்று டிஎம் தடுமாறுவார். ஆரம்பிக்கும் ஹெக்ஸையும் சுற்றியுள்ள ஆறையும் மட்டும் 6 மைல் சின்ன ஹெக்ஸ்களாகப் பிரியுங்கள். ஒரு பெரிய ஹெக்ஸின் பரப்பில் 25 சின்னது அடங்கும். சமவெளியில் நாளைக்கு நாலு, மலையில் இரண்டு, கணக்கு முடிந்தது.

வானிலை அட்டவணை நல்லது, ஆனால் பல படியாக உருட்ட வேண்டும். ஆட்ட மேசையில் உருட்டினால் ஆள் தூங்கிவிடுவார். முதல் நாளே ஒரு மாதத்துக்கு, 28 நாளுக்கு, உருட்டி எழுதி வையுங்கள். கிரேஹாக் வருடம் 364 நாள்: பன்னிரண்டு மாதம், நடுநடுவே நாலு திருவிழா வாரம். வாரக்கணக்கில் ஊரே வேலையை விட்டுவிட்டுத் திருவிழாவில் நிற்கும் என்பதைச் சித்திரைத் திருவிழா ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வாரம் கடை எதுவும் திறந்திருக்காது என்று சொன்னால் உடனே புரிந்துகொண்டு, முதல் நாளே கயிறும் தீப்பந்தமும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஆரம்பிக்கும் ஹெக்ஸின் 25 சின்ன ஹெக்ஸில் முதல் செஷனுக்கு முன் ஆறு நிரம்பியிருந்தால் போதும்: ஓர் ஊர், ஒரு சத்திரம், ஆற்றைக் கடக்கும் ஒரு துறை, ஒரு பாழடைந்த கோபுரம், யாரும் போகக் கூடாது என்று ஊரில் சொல்லும் ஓர் இடம், அப்படிச் சொல்கிற கிழவி குடியிருக்கும் தோப்பு. மிச்சம் பத்தொன்பதைக் காலியாக விடுங்கள், குழு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரிந்த பிறகு எழுதலாம்.